கோமோ ஏரியில் நான்கு நாள்: படகு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுவது எப்படி

வரைபடத்தில் பார்த்தால் வட இத்தாலியின் கோமோ ஏரி, கால்களை அகட்டி நிற்கும் ஆளைப் போல இருக்கும். இடப்பக்கக் காலின் நுனியில் கோமோ நகரம், வலப்பக்கக் காலின் நுனியில் லெக்கோ, தலைமாட்டில் கோலிகோ. இரண்டு கால்களும் சேரும் முனையில் பெல்லாஜியோ உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கிழக்கே எதிர்க்கரையில் வரென்னா. மேற்கே எதிர்க்கரையில் மெனாஜ்ஜியோ, கதெனாப்பியா, த்ரெமெட்ஸோ, லென்னோ. பெல்லாஜியோவிலிருந்து வரென்னாவுக்குப் படகில் கால் மணி நேரம்தான். மற்ற ஊர்களும் ஏறக்குறைய அந்தத் தூரமே. ஏரியில் பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி இந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும். உள்ளூரில் இதை ‘சென்ட்ரோ லாகோ’ என்கிறார்கள், அதாவது நடு ஏரி.

ஏரியின் பெயர் கோமோ என்பதால் அறையையும் கோமோ நகரத்திலேயே போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அங்கிருந்து பெல்லாஜியோவுக்குச் சாதாரணப் படகில் இரண்டு மணி நேரம். போக வர நான்கு மணி நேரம் போனால், ஊரைப் பார்க்க மிஞ்சுவது நடுப்பகல் வெயிலும் கூட்டமும்தான். கோமோ நகரம் ஒரு நாள் பார்க்கத் தக்க நல்ல ஊர். ஆனால் தங்குவதற்கு நடு ஏரிதான் சரி.

எந்த ஊரில் தங்குவது

ரயிலில் வருகிறவர்களுக்கு வரென்னா. மிலானிலிருந்து நேரடி ரயில் உண்டு. ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு இறக்கத்தில் பத்து நிமிட நடைக்குள். ஊர் சிறியது, அறைகள் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். பழைய பகுதியில் ஏரியை நோக்கி இறங்கும் சந்துகள் எல்லாமே கல் படிக்கட்டுகள். சக்கரப் பெட்டியைத் தலையில் தூக்காத குறையாகத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். அறை போடும்போதே ‘துறையிலிருந்து எத்தனை படி?’ என்று கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்களுக்கு மெனாஜ்ஜியோ. கரையோரம் சமதளம், நீச்சலுக்கு லீதோ என்ற கரைக் குளியலிடம் இருக்கிறது, கோமோவுக்கும் வடக்கே கோலிகோ பக்கமும் போகும் சி10 பஸ் நிற்கிறது. அழகில் வரென்னாவுக்கு ஒரு படி கீழே, வசதியில் ஒரு படி மேலே. பெல்லாஜியோவில் தங்கினால் பகல் பயணிகள் கிளம்பிய பிறகு ஊர் உங்களுடையது. ஆனால் விலை அதிகம். மேட்டு வீதிகளும் படிக்கட்டுகளே.

எங்கே தங்கினாலும் ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி உண்டு. ‘தாஸ்ஸா தி சொஜ்ஜோர்னோ’ என்பது அதன் பெயர். பெரும்பாலும் முன்பதிவுத் தொகையில் அது சேர்ந்திருக்காது. அறையைக் காலி செய்யும்போது ரொக்கமாகக் கேட்பார்கள். கொஞ்சம் சில்லறை யூரோ ஒதுக்கி வையுங்கள்.

மிலானிலிருந்து வந்து சேர்வது

மிலானோ சென்ட்ராலே ஸ்டேஷனில் புறப்பாட்டுப் பலகையில் வரென்னா என்று தேடினால் கிடைக்காது. ரயில் முடியும் ஊரான திரானோ அல்லது சோந்த்ரியோ என்றுதான் போட்டிருக்கும். நிறுத்தத்தின் முழுப்பெயர் வரென்னா-எசினோ-பெர்லேதோ. ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடப் பயணம், கட்டணம் ஏறக்குறைய 7, 8 யூரோ. வட்டார ரயில் என்பதால் இருக்கை எண் கிடையாது, முன்கூட்டி வாங்கினாலும் விலை குறையாது. போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். லெக்கோ தாண்டியதும் ஏரி அந்தப் பக்கம்தான் வரும்.

காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் நுழைத்து நேர முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் செல்லாத டிக்கெட். பரிசோதகர் வந்தால் அபராதம், சுற்றுலாப் பயணி என்ற சலுகை கிடையாது. வரென்னா சிறிய ஸ்டேஷன், அங்கே டிக்கெட் கவுன்டரை நம்ப வேண்டாம். திரும்பும் டிக்கெட்டை மிலானிலேயே எடுங்கள், அல்லது கைப்பேசியில் வாங்குங்கள். ரயில் கதவு தானாகத் திறக்காது. பொத்தானை அழுத்த வேண்டும். நிற்பதோ ஒரு நிமிடம். அதனால் லெக்கோ தாண்டியதுமே பெட்டியோடு கதவருகே வந்துவிடுங்கள்.

கோமோ நகரத்துக்குப் போக இரண்டு வழி. சென்ட்ராலேவிலிருந்து கோமோ சான் ஜொவான்னி ஸ்டேஷனுக்கு 40 நிமிடம் போல ஆகும். இது ஊரின் மேட்டில் இருக்கிறது. மிலானோ கதோர்னாவிலிருந்து கோமோ லாகோ ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம். மெதுவான ரயில்தான், ஆனால் இறங்கினால் ஏரிக்கரை. மல்பென்சா விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் மிலானுக்குள் போகவே வேண்டாம். சரோன்னோவில் இறங்கி கோமோ லாகோ ரயிலுக்கு மாறலாம்.

காரை வாடகைக்கு எடுக்கும் யோசனை இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். மேற்குக் கரைச் சாலை பல இடங்களில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய அகலம்தான். ஊர்களுக்குள் ‘ஸெட் டி எல்’ என்ற, வெளியூர் வண்டிகளுக்குத் தடை செய்யப்பட்ட பகுதிகளைக் கேமரா கண்காணிக்கும். உள்ளே போனது உங்களுக்கே தெரியாது, அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

படகு அட்டவணையைப் படிக்கும் முறை

இந்த ஏரியில் நாளின் ஒழுங்கைத் தீர்மானிப்பது கடிகாரமல்ல, படகு அட்டவணை. ‘ஒராரி’ என்று கேட்டால் துறை கவுன்டரில் தாளாகவே கிடைக்கும். வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் போன வருடத்து அட்டவணையை இணையத்தில் பிடித்துவைத்து மோசம் போகாதீர்கள்.

முதலில் படகு வகை. ‘பத்தெல்லோ’ என்பது சாதாரணப் பயணிகள் படகு. மெதுவாகப் போகும், ஊர் ஊராக நிற்கும், மேல்தளத்தில் திறந்த வெளியில் உட்காரலாம். வேடிக்கை பார்க்க இதுதான் சரி. ‘செர்வீட்ஸியோ ராப்பிதோ’ என்பது விரைவுப் படகு. கோமோவிலிருந்து பெல்லாஜியோவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும், கூடுதல் கட்டணம் உண்டு. மூடிய அறைக்குள் உட்கார வேண்டும்; தண்ணீர் தெறித்துத் தெறித்து ஜன்னலில் ஒன்றும் சரியாகத் தெரியாது. ‘த்ராகெத்தோ’ என்பது கார் ஏற்றும் படகு. வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜ்ஜியோ, கதெனாப்பியா ஆகிய நான்கு ஊர்களுக்கு இடையே நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். கார் இல்லாமலும் ஏறலாம். நடு ஏரியில் தங்கியிருப்பவர்களுக்கு உயிர்நாடி இதுதான்.

அடுத்தது நாள் குறி. ‘ஃபெரியாலே’ என்ற சொல்லைப் பார்த்துப் பலர் விடுமுறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருள் நேர் எதிர்: வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேரும். ‘ஃபெஸ்தீவோ’ என்பதுதான் ஞாயிறும் அரசு விடுமுறையும். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் படம் வேலை நாளுக்கு, சிலுவை ஞாயிறு, விடுமுறைக்கு. ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15 நான்கும் விடுமுறைகள். அன்று புதன்கிழமையாகவே இருந்தாலும் ஞாயிறு அட்டவணைதான் ஓடும்.

மூன்றாவது, திசை. கோமோவிலிருந்து வடக்கே போகும் படகுகள் ஒரு பக்கத்திலும், கோலிகோவிலிருந்து தெற்கே வரும் படகுகள் இன்னொரு பக்கத்திலும் இருக்கும். நடு ஏரிக்குத் தனிப் பட்டியல் உண்டு, முதலில் அதைப் பாருங்கள். நேரம் போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால் அந்தப் படகு அங்கே நிற்காது.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. பெல்லாஜியோவில் கார் படகுக்கு ஒரு துறை, பயணிகள் படகுக்கு இன்னொரு துறை, இடையே நடக்க வேண்டும். தவறான துறையில் வரிசையில் நின்று, தன் படகு பக்கத்துத் துறையிலிருந்து கிளம்புவதைப் பார்க்கும் ஆட்கள் தினமும் உண்டு. டிக்கெட் வாங்கும்போதே ‘எந்தத் துறை?’ என்று கேளுங்கள். இரண்டாவது, டிக்கெட் இருந்தால் இடம் உறுதி என்று அர்த்தமில்லை. படகில் ஆட்கணக்கு முடிந்ததும் கயிற்றைப் போட்டுவிடுவார்கள். கோடைக்கால ஞாயிறு மாலை 4 மணிக்கு மேல் பெல்லாஜியோவிலிருந்து கோமோ திரும்பும் படகுகளில் இது வழக்கமாக நடக்கும். அரை மணி நேரம் முன்பே வரிசைக்குப் போங்கள். மூன்றாவது, ஒரே துறைக்கு இரண்டு திசைப் படகுகளும் சில நிமிட இடைவெளியில் வரும். ஏறும்போது கயிறு பிடித்திருப்பவரிடம் போக வேண்டிய ஊரின் பெயரை மட்டும் கேள்வியாகச் சொன்னால் போதும், தலையசைப்பார்.

ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் படகு ஏறப் போகிறீர்கள் என்றால் நடு ஏரிக்கான ஒருநாள் டிக்கெட்டின் விலையை விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ‘லிபெரா சிர்கொலட்ஸியோனே’ என்று கேளுங்கள். தனி டிக்கெட்டில் வழியில் இறங்கி மறுபடி ஏற முடியாது, இதில் முடியும்.

காற்றுக்கு நேரம் உண்டு

ஏரிக்காரர்கள் இரண்டு காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் வடக்கிலிருந்து வருவது தீவானோ, மென்மையானது. வெயில் ஏறி மலைச்சரிவுகள் சூடானதும், நண்பகலை ஒட்டித் தெற்கிலிருந்து கிளம்புவது ப்ரேவா. வானம் தெளிந்த நாளில் ப்ரேவா சாயங்காலம் வரை வீசும். தண்ணீர் சிலுசிலுத்து நுரை தள்ளும். கண்ணாடி போன்ற ஏரியைப் படம் எடுக்க வேண்டுமா, காலை 9 மணிக்குள். துடுப்புப் படகு, கயாக் எல்லாமும் காலையில். பாய்மரம், விண்ட்சர்ஃபிங் கற்க வந்தவர்களுக்கோ ப்ரேவாதான் முதலாளி. அவர்கள் வடமுனையில் தொமாஸோ, கோலிகோ பக்கம் போக வேண்டும்.

முதல் நாள்: பெல்லாஜியோ, காலையிலேயே

பகல் பயணிகள் 10 மணிக்கு மேல்தான் வந்து இறங்குவார்கள். அதற்கு முன் வரும் கார் படகில் வந்துவிட்டால் படிக்கட்டு வீதிகளில் கடைக்காரர்கள் தண்ணீர் தெளித்துக் கூட்டிக்கொண்டிருப்பார்கள், வேறு ஆளிருக்காது. நேராக வடக்கு முனைக்கு, புந்தா ஸ்பார்த்திவென்தோவுக்குப் போங்கள். பத்து நிமிட நடை. பெயருக்கு ‘காற்றைப் பிரிக்கும் முனை’ என்று பொருள். ஏரி இரண்டாகப் பிரிவது கண்ணெதிரே தெரியும்.

கூட்டம் சேரத் தொடங்கியதும் ஊரை விட்டுத் தெற்கே கரையோரமாக வில்லா மெல்ட்ஸி தோட்டத்துக்கு நழுவிவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்செஸ்கோ மெல்ட்ஸி தெரில் கட்டிய மாளிகை. மாளிகைக்குள் விடமாட்டார்கள், தோட்டம்தான். நீரோரமாக வரிசைகட்டி நிற்கும் வெட்டிச் சீராக்கிய மரங்களின் கீழ் ஒரு மணி நேரம் தெரியாமல் போய்விடும். மதியத்துக்கு மேல் தெம்பிருந்தால் ஊரின் மறுபக்கம் பெஸ்கால்லோ என்ற பழைய மீனவர் குடியிருப்பு இருக்கிறது. லெக்கோ பக்கத்துக் கிளையைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும்.

இரண்டாம் நாள்: மேற்குக் கரையின் இரண்டு மாளிகைகள்

இந்த நாளுக்குக் கிழமை பார்க்க வேண்டும். வில்லா பால்பியனெல்லோவுக்கு வழக்கமாகத் திங்களும் புதனும் விடுமுறை, இணையத்தில் முன்பதிவும் தேவை. திருமணங்களுக்கு வாடகைக்கு விடுவதால் சில நாட்களில் வேறு மாற்றமும் இருக்கும். அதன் நேரத்தை முதலில் உறுதி செய்துகொண்டு மற்றதை அதைச் சுற்றிப் பின்னுங்கள்.

காலையில் த்ரெமெட்ஸோவில் வில்லா கர்லோத்தா. தோட்டத்துக்காகவே வருகிறவர்கள் ஏப்ரல் கடைசி முதல் மே நடுவரை வரவேண்டும். அசேலியா செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் இரு பக்கமும் சுவராக நின்று, இலையே தெரியாமல் பூத்திருக்கும். ஜூலையில் வந்தால் வெறும் பச்சைதான். அப்போது மாளிகைக்குள் நேரம் செலவிடுங்கள். உள்ளே புராணக் காதலர் ஆமோரும் சைக்கியும் தழுவும் சலவைக்கல் சிற்பத்தைச் சிற்பி கனோவாவின் அசல் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். அது அவருடைய மாணவர் அதாமோ ததொலினி செய்த பிரதி. கனோவாவின் கையால் ஆனது பலமேதேஸ் சிலை. மொத்தமாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து லென்னோவுக்குப் பஸ் இருக்கிறது. ஆனால் நடப்பது மேல். கொலொன்னோவிலிருந்து கதெனாப்பியா வரை 10 கிலோமீட்டர் சொச்சத்துக்கு ‘கிரீன்வே’ என்ற நடைபாதை உண்டு. அதில் த்ரெமெட்ஸோவிலிருந்து லென்னோ வரையான பகுதி, நின்று நின்று போனாலும் ஒன்றரை மணி நேரம். கரையோரமும் தேவாலய முற்றங்களும் பழைய சந்துகளுமாக வழி மாறிக்கொண்டே போகும்.

லென்னோவிலிருந்து பால்பியனெல்லோ மாளிகைக்கு நடந்தால் ஒரு கிலோமீட்டர் போல, ஏற்ற இறக்கத்தோடு 20, 25 நிமிடம். நடக்க முடியாதவர்களுக்கு லென்னோ கரையிலிருந்து சிறு படகுகள் உண்டு. கடைசியாக இந்த மாளிகையை வைத்திருந்தவர் குயிதோ மொன்ட்ஸினோ, 1973இல் எவரெஸ்ட் ஏறிய இத்தாலியக் குழுவின் தலைவர். 1988இல் அவர் இறந்தபோது வீட்டை ‘ஃபாய்’ என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதிவைத்தார். தோட்ட டிக்கெட் மட்டும் எடுத்தால் அவருடைய பயணச் சாமான்கள் இருக்கும் அறைகளைப் பார்க்க முடியாது. அதற்கு வழிகாட்டியோடு கூடிய வீட்டு டிக்கெட் வேண்டும். தோட்டத்தில் குடை போல வெட்டி வளர்த்த கருவாலி மரத்தை நிமிர்ந்து பாருங்கள். ஏரி தெரிவதற்காக அடியில் வெட்டி, மேலே வட்டமாக விட்டிருக்கிறார்கள். ஏணி வைத்து, கிளைகளுக்குள் ஏறி, கையால் வெட்டும் வேலை அது.

மூன்றாம் நாள்: வரென்னாவும் சுற்றுப்புறமும்

படகுத்துறையிலிருந்து ஊருக்குள் போக, பாறையை ஒட்டித் தண்ணீருக்கு மேலே சிவப்புக் கைப்பிடி போட்ட இரும்பு நடைபாதை இருக்கிறது. அதன் வழியாகவே போங்கள். வில்லா மொனஸ்தேரோ முன்பு கன்னிமடம், இப்போது அருங்காட்சியகமும் ஏரியோரத் தோட்டமும். 1953 முதல் இத்தாலிய இயற்பியல் சங்கத்தின் கோடைப் பள்ளி நடக்கும் இடம். என்ரிகோ ஃபெர்மி 1954இல் இங்கே பாடம் நடத்தினார். தோட்டம் நீளமானது, அகலமில்லாதது. நுழைவிடத்துக்கு அருகிலேயே கூட்டம் தேங்கிவிடும், கடைசிவரை நடந்தால் பெஞ்சுகள் காலியாக இருக்கும்.

மேலே வெட்ஸியோ கோட்டைக்குக் கல் பாவிய செங்குத்துப் பாதை, அரை மணி நேர ஏற்றம். மழை பெய்திருந்தால் அந்தக் கல் வழுக்கும், ரப்பர் அடி உள்ள ஷூ வேண்டும். மழை நாளில் கோட்டையையே மூடிவிடுவதும் உண்டு. தெற்கே அரை மணி நேரம் நடந்தால் ஃபியுமெலாத்தே, பால் ஆறு. மொத்த நீளமே 250 மீட்டர்தான். பாறைக்குள்ளிருந்து வெள்ளை நுரையாகக் கிளம்பி உடனே ஏரியில் விழும். மார்ச் வாக்கில் தோன்றி அக்டோபர் வாக்கில் நின்றுவிடும், குளிர்காலத்தில் போனால் வெறும் பாறைதான்.

பெல்லானோ ரயிலில் அடுத்த நிறுத்தம். பியொவெர்னா ஆறு மலையைக் குடைந்த ‘ஒர்ரீதோ’ பிளவுக்குள் சுவரோடு பதித்த நடைபாலத்தில் போகலாம். ஒரு மணி நேரம் போதும். கோடை மதியத்திலும் உள்ளே குளிரும். நடக்கப் பிடித்தவர்கள் வரென்னாவிலிருந்து பெல்லானோவுக்கு ‘சென்தியேரோ தெல் வியந்தாந்தே’ என்ற பழைய வழிப்போக்கர் பாதையில் போய், ரயிலில் திரும்பலாம்.

நான்காம் நாள்: கோமோ நகரம்

ப்ருனாத்தே மலைக்கு இழுவை ரயிலில் முதலில் ஏறிவிடுங்கள், ஊரைப் பிறகு பாருங்கள். 1894இல் ஓடத் தொடங்கிய ரயில், ஏழு நிமிடத்தில் 500 மீட்டர் உயரம் கொண்டுபோகும். காலை 10 மணிக்கு மேல் வரிசை தெருவுக்கு வந்துவிடும். இருவழி டிக்கெட்டாகவே எடுங்கள், இறங்கும்போது இன்னொரு கவுன்டர் வரிசை வேண்டாம். மேல் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேர ஏற்றத்தில் வோல்டா கலங்கரை விளக்கம். மின்கலம் கண்டுபிடித்த அலெஸ்ஸாந்த்ரோ வோல்டா இந்த ஊர்க்காரர். அவர் இறந்து நூறு ஆண்டு நிறைந்த 1927இல் கட்டியது, 143 படி.

கீழே தேவாலயத்தின் முகப்பில் கதவுக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் இருவரும் புனிதர்கள் அல்ல. ரோமானிய எழுத்தாளர்கள் மூத்த பிளினியும் இளைய பிளினியும். கிறித்தவர்களே அல்லாத இருவருக்குத் தேவாலய வாசலில் இடம் கொடுத்த ஊர்ப்பாசத்தை மெச்சத்தான் வேண்டும். உள்ளே போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

நீச்சலும் வாடகைப் படகும்

ஏரி 400 மீட்டருக்கும் மேல் ஆழம். கரையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவருக்கு அடுத்த இரண்டு எட்டில் தரை இருக்காது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கீழே போனாலே சில்லிட்டுவிடும். சூடான உடம்போடு குதிப்பவர்களுக்கு மூச்சு இழுத்துக்கொள்வது அதனால்தான். காவலர் இருக்கும் லீதோக்களில் மட்டும் இறங்குங்கள், மெல்ல இறங்குங்கள். கரை கூழாங்கல், ரப்பர் செருப்பு தேவை.

40 குதிரைத்திறன் வரையான மோட்டார் படகை 18 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்ட இத்தாலியச் சட்டம் அனுமதிக்கிறது. எடுக்கும் முன் எரிபொருள் வாடகையில் அடக்கமா, முன்பணம் எவ்வளவு என்று கேளுங்கள். படகின் உடலையும் நீருக்கடியில் சுழலும் விசிறியையும் சுற்றிலும் வீடியோ எடுத்துவையுங்கள். முன்பணம் திரும்பாமல் போவதற்கு முக்கியக் காரணம், கரையோரப் பாறையில் விசிறி அடிபடுவது. பெரிய படகு போன பிறகு வரும் அலையை வேகம் குறைத்து, சற்றுச் சாய்வாக ஏறுங்கள். பக்கவாட்டில் வாங்கினால் படகு உருளும், நேராக வேகமாக மோதினால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தூக்கி எறியப்படுவார். பயணிகள் படகுக்கு எப்போதும் வழி விட வேண்டும். ப்ரேவா கிளம்புமுன் திரும்பிவிடுங்கள்.

சாப்பாடு

இந்த ஏரிக்கே உரியது மிஸ்ஸொல்தீனி, ஏரிக் கருவாடு. அகோனே என்ற மீனைக் குடல் நீக்கி, உப்பில் ஊறவைத்து, கயிற்றில் கோத்து வெயிலிலும் காற்றிலும் காயவிட்டு, பிரிஞ்சி வகை இலையோடு தகர டப்பாவில் அடுக்கி அழுத்திவைப்பார்கள். சாப்பிடும்போது நெருப்பில் வாட்டி, வினிகரும் எண்ணெயும் விட்டு, வாட்டிய பொலெந்தாவோடு, அதாவது மக்காச்சோள மாவுக் களியோடு, கொடுப்பார்கள். உப்பும் வாசனையும் தூக்கலாக இருக்கும். கருவாடு பழகிய நாக்குக்கு அதுவே சொர்க்கம். மென்மையாக வேண்டுபவர்களுக்கு பெர்சிகோ மீன் துண்டுகளை வெண்ணெயில் வறுத்துச் சோற்றின் மேல் வைத்துத் தரும் ‘ரீஸோ கோன் பெர்சிகோ’.

சைவர்களுக்கு பிட்ஸொக்கெரி இருக்கிறது: பக்வீட் மாவில் செய்த பட்டை நூடுல்ஸ், உருளை, முட்டைக்கோஸ், சீஸ், பூண்டு மணக்கும் வெண்ணெய். ஒரு தட்டு இருவருக்குப் போதும். ‘பொலெந்தா உஞ்சா’வும் சீஸும் வெண்ணெயும் மட்டும்தான். ரிசோட்டோ என்ற குழைவான சோற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். காய்கறி ரிசோட்டோ என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வேகவைத்த சாற்றில் சமைத்திருக்கலாம். ‘ப்ரோதோ வெஜெத்தாலே?’ என்று கேளுங்கள். மதியச் சமையலறை 2 மணிக்கு மேல் பெரும்பாலும் மூடிவிடும், இரவு 7க்கு முன் திறக்காது. பில்லில் ‘கொபெர்தோ’ என்று ஆளுக்குச் சில யூரோ சேர்ந்திருந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

திரும்பும் படகும் ரயிலும்

எதிர்க்கரையில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அன்றைய கடைசிப் படகின் நேரத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயணிகள் படகு நின்ற பிறகும் கார் படகு சில நடை ஓடும். கோடை முடிந்தால் அதுவும் சீக்கிரம் நின்றுவிடும். தவறவிட்டால் மிஞ்சுவது தனி மோட்டார் படகு, அதன் வாடகை சாப்பாட்டுச் செலவைத் தாண்டிவிடும்.

விமானம் பிடிக்கும் நாளில் ‘ஷோப்பெரோ’ என்ற சொல் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட சில ரயில்களை ஓட்டியே ஆகவேண்டும் என்பது விதி. மதிய விமானமானால் அந்தக் காலை ரயில்களில் ஒன்றைப் பிடித்து மிலான் போய்க் காத்திருங்கள்.